ஊர் நிறைவதற்குள் ஒதுக்க வேண்டிய 22 மீட்டர்

கோவைக்கும் பல்லடத்துக்கும் நடுவே விசைத்தறி ஓடும் ஊர்களில் இருந்தவர்களுக்குத் தெரியும், மாலை விளக்கு வைக்கும் நேரம் வந்தால் வோல்டேஜ் இறங்கிவிடும். 230 வர வேண்டிய வீட்டில் 180 வரும். பீடரின் (துணை மின்நிலையத்திலிருந்து ஊருக்கு மின்சாரம் கொண்டு வரும் லைனின்) கடைக்கோடித் தெருக்களில் 170-க்கும் கீழே போகும். பல்பு மங்கலாக எரிவதோடு போனால் பரவாயில்லை. தறி மோட்டார் அதே வேலையைச் செய்ய அதிகக் கரண்ட் இழுத்து, சூடேறி, காயில் கருகிவிடும். ரீவைண்டிங் செலவு ஒரு பக்கம். தறி நின்ற நாட்களுக்குக் கூலி கிடையாது என்பது அதைவிடப் பெரிய அடி. அப்படி ஒரு பகுதிக்குப் புதிய 110 கே.வி. (1,10,000 வோல்ட்) துணை மின்நிலையமும் அதற்கு மின்சாரம் கொண்டு வரும் உயர் அழுத்த மின்பாதையும் திட்டமிட்டதுதான் ஓய்வு பெறுவதற்கு முன் நான் பார்த்த கடைசிப் பெரிய வேலை. அங்கே கற்றது ஊர்க்காரர்களுக்கும், இந்த வேலைக்குப் புதிதாக வரும் பொறியாளர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

வோல்டேஜ் இறங்கினால் ஊரில் முதலில் கேட்பது தெருவுக்கு ஒரு புது டிரான்ஸ்ஃபார்மர். பல இடங்களில் அது தீர்வுதான். ஆனால் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு வந்து சேரும் 11 கே.வி.யே வழியில் ஒன்பதரையாக இறங்கி வந்தால், அதன் திறனை 100 கே.வி.ஏ.விலிருந்து 250 ஆக்கியும் பயனில்லை. எங்கள் பகுதியில் நிலைமை அதுதான். பழைய துணை மின்நிலையம் தூரத்தில் இருந்தது. அங்கிருந்து கிளம்பும் 11 கே.வி. பீடர்கள் தோட்டம், தறிக்குடோன், வீடு என்று கிளை விட்டுக்கொண்டே நீண்டு போயின.

இதில் கணக்கு எளிமையானது. 10 மெகாவாட் சுமையை 11 கே.வி.யில் கொண்டு போனால் கம்பியில் ஏறத்தாழ 580 ஆம்பியர் ஓட வேண்டும். அதையே 110 கே.வி.யில் கொண்டு போனால் 58 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரம் கரண்ட்டின் வர்க்கத்துக்கு (கரண்ட்டை அதே கரண்ட்டால் பெருக்கியதற்கு) ஏற்ப ஏறும். அதனால் அதே கம்பி, அதே தூரம் என்றால் இழப்பு நூறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே உயர் அழுத்தத்தை ஊருக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டு வர முடியுமோ அவ்வளவு பக்கத்தில் கொண்டு வந்து, அங்கே 11 கே.வி.யாக இறக்க வேண்டும். கோவைக்கு இது புதிதல்ல. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, மலையிலிருந்து லைன் இறங்கிய பிறகுதான் இங்கே ஆலைகள் பெருகின. அன்றைக்கு அந்த லைன் வந்த நிலம் பெரும்பாலும் மேய்ச்சல் காடும் மானாவாரியும்தான். இன்றைக்கு அதே நிலத்தில் சைட் கற்கள் நிற்கின்றன.

எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்பதை மேசையில் உட்கார்ந்து விழுக்காடு போட்டுச் சொல்லிவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. துணை மின்நிலையத்தின் லாக் ஷீட்டில் மணிக்கு மணி எழுதிய ஆம்பியர் இருக்கிறது. ஏப்ரல், மே மாத மாலைகளின் எண்களை வரிசையாகப் பார்த்தால் ஊர் எந்த வேகத்தில் வளர்கிறது என்று தெரிந்துவிடும். அதற்கு அப்புறம் காத்திருக்கும் புது இணைப்பு விண்ணப்பங்கள். அதற்கும் அப்புறம் நகர் ஊரமைப்புத் துறை அனுமதித்த மனைப்பிரிவுகளின் பட்டியல். இந்த மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஒரு குதிரைத்திறன் மோட்டார் உள்ள ஆயிரம் தறிகள் ஒன்றாக ஓடினால் முக்கால் மெகாவாட் தேவை. ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் என்றால், 500 வீட்டு மனைப்பிரிவு ஒன்றில் வீட்டுக்கு ஒரு ஏ.சி. ஓடினாலே அதே முக்கால் மெகாவாட் வந்துவிடுகிறது. தறிக்காரர் வருடக்கணக்காகக் கேட்டு வந்த மின்சாரத்தைப் புதுக் குடியிருப்பு இரண்டே கோடையில் கேட்டுவிடும். தமிழகத்தின் உச்ச மின்தேவை 2024 மே மாதத்தில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியதற்கு இப்படிப்பட்ட தெருக்களும் ஒரு காரணம்.

துணை மின்நிலையத்துக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். புறம்போக்கு கிடைத்தால் செலவு மிச்சம் என்று எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள். குளம், ஏரி, ஓடைப் புறம்போக்கு பக்கமே போகக் கூடாது. மேய்ச்சல் நிலம் என்றால் ஊர்க்காரர்களிடம் பேசாமல் கேட்கக் கூடாது. இதைவிட முக்கியமானது, அந்த இடத்துக்குள் 110 கே.வி. எப்படி நுழையும், அங்கிருந்து ஏழெட்டு 11 கே.வி. பீடர்கள் எந்த வழியாக வெளியேறும் என்பது. வேறொரு ஊரில், மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிப்போட்ட இடத்தைச் சுற்றி மூன்று பக்கமும் வீடு வந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் தயார், வெளியே வர வழியில்லை. அதைப் பார்த்ததிலிருந்து, இடம் சொன்னவுடன் நான் கேட்கும் முதல் கேள்வி வாசல் பற்றித்தான்.

பாதை பார்க்கும் வேலை செயற்கைக்கோள் படத்தில் தொடங்குகிறது. அருகில் ஓடும் 110 கே.வி. லைனை ஓரிடத்தில் வெட்டி, உள்ளே கொண்டு வந்து, திரும்ப வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் திட்டம். துறையில் லைலோ என்பார்கள். இதில் ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கத்திலிருந்து மின்சாரம் வரும். படத்தில் மூன்று பாதைகள் போட்டோம். மிகக் குட்டையானது தென்னந்தோப்புகளை ஊடுருவிப் போனது. இரண்டாவது மானாவாரிக் காட்டு வழியாகச் சுற்றிப் போனது. மூன்றாவது சாலையை ஒட்டியது. படத்தில் பார்க்க அழகாக இருந்த அந்த மூன்றாவது பாதை, நேரில் போனால் கடைகளும் கல்யாண மண்டபமும் பெட்ரோல் பங்கும் நிற்கும் தெரு.

படம் எடுத்த தேதிக்கும் நாம் நடக்கும் தேதிக்கும் நடுவில் ஊர் மாறியிருக்கும். இது இந்தப் பகுதியில் மிகைப்படுத்தல் இல்லை. படத்தில் சோளக்காடாக இருந்த இடத்தில் கல் நட்டு, தார் ரோடு போட்டு, வளைவு கட்டி மனைப்பிரிவின் பெயர் எழுதியிருந்தார்கள். அதனால் கிராம வரைபடத்தையும் புல வரைபடங்களையும் கையில் வைத்துக்கொண்டு, சர்வேயரையும் கிராம நிர்வாக அலுவலரையும் அழைத்துக்கொண்டு, முழுப் பாதையையும் கால்நடையாகப் போனோம். நடக்கும்போதுதான் கிணறு தெரியும். ஊருக்குள் யாருக்கும் சொல்லாமல் தோட்டத்து மூலையில் இருக்கும் குலதெய்வக் கோயில் தெரியும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்த இட்டேரி என்னும் வண்டித்தடம் தெரியும். இட்டேரிகள் எங்களுக்குப் பெரிய உதவி. அவை இரண்டு தோட்டங்களின் எல்லை. எல்லையை ஒட்டிப் பாதை போனால், தாழ்வாரத்தின் (லைனுக்குக் கீழே கட்டடம் இல்லாமல் விட வேண்டிய பட்டையின்) பாதிச் சுமை ஒருவருக்கு, பாதி மற்றவருக்கு. டவர் காட்டின் நடுவில் நிற்காமல் மூலையில் நிற்கும். உழவு ஓட்டும்போது டிராக்டர் அதைச் சுற்றி வளைய வேண்டியதில்லை.

இதற்கு விலை உண்டு. நேர்கோட்டில் நிற்கும் ஏ வகை டவர் லேசானது. 30 டிகிரிக்கு மேல் திரும்பும் இடத்தில் டி வகை டவர் வேண்டும். அதற்கு ஏறத்தாழ இரு மடங்கு இரும்பு, அதற்கேற்ற அஸ்திவாரம். எல்லையை ஒட்டிப் போகப் போக வளைவு கூடும், வளைவு கூடக் கூடச் செலவு கூடும். மதிப்பீட்டில் இது கண்ணுக்குத் தெரியும் செலவு. நடுக்காட்டில் டவர் வைத்ததால் வேலை ஒரு வருடம் நின்று போவது மதிப்பீட்டில் வராத செலவு. மேலதிகாரிகளிடம் இந்த இரண்டாவதை எழுத்தில் காட்டியே சில கூடுதல் வளைவுகளுக்கு ஒப்புதல் வாங்கினோம். 110 கே.வி.யில் டவருக்கு டவர் 300 மீட்டர் அளவில் இடைவெளி இருக்கும். அதில் முன்னே பின்னே கொஞ்சம் நகர்த்திக்கொள்ள இடம் உண்டு. அந்த இடத்தை விவசாயிக்காகப் பயன்படுத்த மனம் இருந்தால் போதும்.

பாதையில் கல் நடுவதற்கு முன்னாலேயே நிலத்துக்காரர்களிடம் போய்விட வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. கல்லைப் பார்த்த பிறகு நடக்கும் பேச்சு பேச்சாக இருக்காது. பகலில் ஆண்கள் தறியில் இருப்பார்கள், நிலம் பல வீடுகளில் பெண்கள் பெயரில் இருக்கும். எனவே மாலையில், வீட்டுக்கே போய், படத்தை விரித்து வைத்துப் பேசினோம். ஒரு பெரியவர், "ஏனுங்க சார், நீங்க மேப்புல கோடு போட்டுட்டுப் போயிருவீங்க. அந்தக் கோட்டுக்குக் கீழ எங்கப்பன் வெச்ச தென்ன நிக்குதுங்க" என்றார். "ஐயா, கோடு இன்னும் பென்சில்லதான் இருக்குதுங்க. எந்தப் பக்கம் நகர்த்தினா நல்லதுன்னு கேக்கத்தான் வந்தோம்" என்றேன். அவர் எழுந்து வந்து, தன் தோப்புக்கு மேற்கே பள்ளத்தை ஒட்டிய கரட்டு நிலத்தைக் காட்டினார். எங்கள் மூன்று பாதைகளிலும் அது இல்லை. கடைசியில் பாதையின் ஒரு பகுதி அந்த வழியாகத்தான் போனது. தென்னையை நினைத்தால் அவர் கவலை எவ்வளவு நியாயமானது என்று புரியும். லைனுக்கு அடியில் மஞ்சள், கடலை, சோளம் எல்லாம் போடலாம். தென்னை வைக்க முடியாது. அறுபது வருடம் காய்க்கும் மரத்துக்கு ஒரு முறை கொடுக்கும் தொகை ஈடாகாது என்பது விவசாயிக்குத் தெரியும்.

எல்லா வீட்டிலும் எழுந்த இன்னொரு கேள்வி, "பூமிக்குள்ள கேபிளாப் போடக் கூடாதா?" கொங்குப் பகுதியில் 2018, 2019-இல் உயர் அழுத்தக் கோபுரங்களை எதிர்த்து விவசாயிகள் போராடியபோது முன்வைத்த கோரிக்கையும் இதுதான்: சாலை ஓரமாகப் புதைவடமாகக் கொண்டு போங்கள். புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் லைனை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். 320 கே.வி. நேர்மின்னோட்டத்தில் 2,000 மெகாவாட் கொண்டு போகும் அந்தப் பாதை, தமிழகத்தில் டவரில் வந்து, கேரளத்தில் வடக்கஞ்சேரிக்கு அப்பால் பூமிக்கு அடியில் போகிறது. கேட்பவரிடம் 'முடியாது' என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டு வருவது பொய் சொல்வதற்குச் சமம். முடியும். சென்னையில் 110, 230 கே.வி. எல்லாம் சாலைக்கு அடியில் ஓடுகின்றன.

அதனால் காரணங்களை விளக்கினோம். கேபிளுக்குச் செலவு பல மடங்கு, அந்தச் செலவு கடைசியில் மின்கட்டணத்தில் வரும். மேலே ஓடும் லைனில் ஒரு இன்சுலேட்டர் உடைந்தால் ஆள் நடந்து பார்த்துக் கண்டுபிடித்துச் சில மணி நேரத்தில் மாற்றலாம். கேபிளில் பழுது வந்தால் இடத்தைக் கண்டுபிடிக்கக் கருவி, தோண்ட ஆள், ஜாயிண்ட் போடத் தனிப் பயிற்சி பெற்றவர் எல்லாம் வேண்டும், சரியாகப் பல நாட்கள் ஆகலாம். நீண்ட தூர மாற்று மின்னோட்டக் கேபிளில், சுமையே இல்லாவிட்டாலும் கேபிளை நிரப்புவதற்கே ஒரு கரண்ட் ஓடும். புகளூர் லைன் நேர்மின்னோட்டம் என்பதால் அங்கே அந்தத் தொல்லை இல்லை. இதையெல்லாம் சொன்னபோது பெரும்பாலோர் பொறுமையாகக் கேட்டார்கள். சிலர் ஏற்கவில்லை, அது அவர்கள் உரிமை. ஆனால் அந்தப் பேச்சின் பலனாக, வீடுகள் நெருங்கியிருந்த கடைசிப் பகுதிக்கு மட்டும் கேபிள் என்று திட்டத்தை மாற்றி எழுதினோம், ஒப்புதலும் கிடைத்தது. வீடு நெருங்கிய இடத்துக்குக் கேபிள், வெட்டவெளிக்கு டவர் என்பதுதான் வளரும் ஊருக்கு ஏற்ற வழி என்று இன்றும் நினைக்கிறேன்.

நிலம் எதுவும் கையகப்படுத்தப்படுவதில்லை, பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும் என்று அதிகாரிகள் சொல்வது சட்டப்படி சரி. 2003 மின்சாரச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு, 1885 தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை மின்பாதை போடுபவருக்குத் தர அரசுக்கு வழி செய்கிறது. மறுப்பு வந்தால் மாவட்ட ஆட்சியர் உத்தரவிடலாம். ஆனால் 110 கே.வி. பாதைக்கு 22 மீட்டர் அகலத் தாழ்வாரம் வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்தரை ஏக்கர். அதில் வீடு கட்ட முடியாது, வாங்க வருபவர் விலை குறைப்பார். மத்திய மின் அமைச்சகம் 2015 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல், டவர் நிற்கும் பரப்புக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடும் தாழ்வாரத்துக்கு 15 விழுக்காடு வரையிலும் தரச் சொன்னது. 2024 ஜூனில் டவர் பரப்புக்கு 200 விழுக்காடு, ஊரகப் பகுதித் தாழ்வாரத்துக்கு 30 விழுக்காடு என்று உயர்த்தினார்கள். மாநிலங்கள் ஏற்று ஆணை போட்டால்தான் இவை நம் லைன்களுக்குப் பொருந்தும். ஆகவே உங்கள் நிலத்துக்கு எந்த ஆணையின்படி கணக்கிட்டார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். தொகை போதாது என்றால் மாவட்ட நீதிமன்றத்தை அணுகத் தந்திச் சட்டத்தின் 16-ஆவது பிரிவிலேயே வழி இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

பணம் வராமல் நின்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் காரணம் பட்டா. தாத்தா பெயரிலேயே கிடக்கும், பங்காளிகள் நாலு பேர், ஒருவர் வெளிநாட்டில். லைன் வரப்போகிறது என்று கேள்விப்பட்டவுடன் வாரிசு பெயரில் பட்டா மாற்ற மனுக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, குத்தகைக்கு உழுபவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பயிர் அழிந்தால் நட்டம் அவருக்குத்தான், காசோலை பட்டாதாரர் பெயருக்குப் போகும். எங்கள் பகுதியில் நிலத்துக்காரரையும் குத்தகைதாரரையும் ஒன்றாக உட்கார வைத்து, பயிர் இழப்பீடு உழுதவருக்கு என்று எழுதி வாங்கினோம். விதியில் இதற்கென்று இடம் இல்லாவிட்டாலும், பொறியாளர் இதைச் செய்ய வேண்டும் என்றே சொல்வேன். மரங்களையும் பயிரையும் வேலை தொடங்குவதற்கு முன் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

அனுமதிகள் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ரயில் பாதையைக் கடக்க வேண்டுமானால் செங்குத்துக்கு நெருக்கமான கோணத்தில் கடக்க வேண்டும், அந்த விண்ணப்பத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் போட வேண்டும். நெடுஞ்சாலை, தொலைபேசித் தடங்களுக்கான ஒருங்கிணைப்புக் குழு, இந்தப் பகுதியில் சூலூர் விமானப்படைத் தளம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு. ஒன்று முடிந்து ஒன்று என்று காத்திருந்தால் ஊர் இன்னும் இரண்டு கோடையை மங்கிய பல்பில் கழிக்கும்.

டவரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்றைக்கு ஒரு சர்க்யூட் (மூன்று கம்பிகள் கொண்ட ஒரு தொகுதி) போதும் என்றாலும், இரண்டு சர்க்யூட் தாங்கும் டவராக நட வேண்டும். இரும்பும் கம்பியும் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். இரண்டாவது முறை 22 மீட்டர் அகல வழி இந்த ஊர்களில் கிடைக்காது. அதே காரணத்துக்காக, பாதை முடிவானதும் அதன் புல எண்களை நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஊராட்சிகளுக்கும் எழுத்தில் கொடுத்தோம். மனைப்பிரிவு அனுமதி கேட்டு வருபவரிடம், அந்தப் பட்டையைப் பூங்காவாகவோ சாலையாகவோ ஒதுக்கச் சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்தது. மனைப்பிரிவில் எப்படியும் திறந்தவெளி விட்டாக வேண்டும், அதை இந்த இடத்தில் விட்டால் மனை போடுபவருக்கும் நட்டமில்லை. சைட் வாங்கப் போகிறவர்களும் கிரயத்துக்கு முன் சுற்றுமுற்றும் டவர் இருக்கிறதா, அல்லது அப்படி ஒரு கடிதம் ஊராட்சிக்கு வந்திருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

வேலைக்கு ஏற்ற காலம் இங்கே குறுகியது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது கம்பி இழுப்பது ஆபத்து. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, கரிசல் மண்ணில் குழி நிற்காது. மஞ்சள் அறுவடை முடியும் பிப்ரவரிக்குப் பின் மே வரைதான் காடும் காலியாக இருக்கும், மண்ணும் காய்ந்திருக்கும். ஒப்பந்தத்தை அந்தக் காலத்துக்கு ஏற்பப் போட்டால் பயிர் இழப்பீடும் குறையும், சண்டையும் குறையும்.

லைன் ஓடத் தொடங்கிய பிறகு ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது முக்கியமாக போர்வெல் வண்டி. மிகத் தாழ்ந்த கம்பி நிலத்திலிருந்து 6.1 மீட்டருக்குக் குறையாமல் இருக்கும். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் தாராளமாகப் போகலாம். ஆனால் ரிக் வண்டியின் கம்பம் நிமிர்ந்தால் அதற்கு மேல் போகும். 110 கே.வி.யில் கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, நெருங்கினாலே பாய்ந்துவிடும். தாழ்வாரத்துக்குள் போர் போடவே வேண்டாம். அதை ஒட்டிப் போடுவதாக இருந்தால் ரிக் வருவதற்கு முன்பே துணை மின்நிலையத்துக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் ஆள் வந்து இடத்தைப் பார்த்த பிறகு கம்பத்தை நிமிர்த்துங்கள்.